இந்தியாவிலிருந்து தத்தெடுப்பு: நோட்டரி, அப்போஸ்டில், தேதிகள் – அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆவணங்களை எந்த வரிசையில் முடிப்பது?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு அருகே வசிக்கிறோம். எனக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மனைவி இந்தியக் கடவுச்சீட்டோடு கிரீன் கார்டில் இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக எண்ணியிருந்து, காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு முகமையின் வழியாகச் சென்ற மாதம்தான் எங்கள் வீட்டுச் சூழலையும் தகுதியையும் நேரில் ஆராயும் வீட்டாய்வை முடித்தோம்.

இப்போது முகமை 17 ஆவணங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, பெரும்பாலானவற்றுக்கு நோட்டரி கையொப்பமும் அதன்மேல் அப்போஸ்டில் எனப்படும் பன்னாட்டுச் சான்றொப்பமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கடவுச்சீட்டு நகல், திருமணச் சான்று, இருவருடைய பிறப்புச் சான்றுகள், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, எஃப்.பி.ஐ. கைரேகைச் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், இந்தியாவில் எங்கள் சார்பில் விண்ணப்பிக்க ஓர் அதிகாரப் பத்திரம் எனப் பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுத்துக்கொண்டு நாங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையின் நோட்டரியிடம் போனேன். அவர் பாதித் தாள்களில் கையெழுத்திட மறுத்துவிட்டார். மீதியில் முத்திரை வைத்துக் கொடுத்தார். எது சரி, எது தவறு என்று எனக்கு விளங்கவில்லை. என் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு நியூ ஜெர்சியில் இருக்கிறது. எங்கள் திருமணம் 2008இல் கும்பகோணத்தில் நடந்தது. இந்தப் பாதையில் நடந்து முடித்தவர்கள் வழிகாட்டினால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. நான் திருநெல்வேலியில் பல ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துவிட்டு, பிள்ளைகளோடு நியூ ஜெர்சிக்கு வந்தபின் இங்கே நோட்டரியாகவும் இருக்கிறேன். இரண்டு நாட்டு நடைமுறையையும் கையால் செய்தவன் என்பதால் முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். நம் ஊரில் நோட்டரி என்றால் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த அனுபவமுள்ள வழக்கறிஞர். அதனால் அவர் முத்திரை விழுந்த தாளுக்கு, அதில் எழுதியிருப்பதே உண்மையென்று ஒருவர் சாட்சி சொன்னதுபோல ஒரு கனம் இருப்பதாக நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் நோட்டரி அப்படிப்பட்டவர் அல்லர். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, இன்னார்தான் தம் முன்னிலையில் கையெழுத்திட்டார் அல்லது சத்தியம் செய்தார் என்று மட்டுமே அவர் உறுதி கூறுகிறார். தாளில் உள்ள செய்திக்கு அவர் பொறுப்பில்லை. அதனால்தான் வங்கி நோட்டரி சிலவற்றை மறுத்தார். அவர் செய்தது முறையான செயலே.

அப்போஸ்டிலும் அதே தன்மையுடையது. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, ஒரு பொது ஆவணத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் கையொப்பமும், அவர் வகிக்கும் பதவியும், முத்திரையும் மெய்யானவை என்று சான்றளிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1981 முதலும் இந்தியாவில் 2005 ஜூலை முதலும் இந்த உடன்படிக்கை நடைமுறையில் இருப்பதால், முன்போல் தூதரகத்தில் வரிசையில் நின்று ஒவ்வொரு தாளுக்கும் சான்றொப்பம் வாங்க வேண்டிய நிலை இல்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எந்தத் தாளையும் கையில் எடுக்கும்போது, இதில் கடைசியாகக் கையெழுத்திட்ட அதிகாரி யார், அவர் எந்த அரசுக்கு உட்பட்டவர் என்று கேளுங்கள். அந்த அரசுதான் அப்போஸ்டில் தர முடியும். நீங்கள் வசிக்கும் மாநிலம் எது என்பதற்கு இங்கே வேலையே இல்லை. உங்கள் மருத்துவர் டெக்சாஸ் நோட்டரி முன் கையெழுத்திட்டால் அந்தச் சான்று ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நியூ ஜெர்சியில் உங்கள் மனிதவள அதிகாரி அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்ட வேலைச் சான்றை ஆஸ்டினுக்கு அனுப்பினால் அது அப்படியே திரும்பி வரும். அது டிரெண்டனில் உள்ள மாநிலக் கருவூலத் துறைக்குப் போக வேண்டியது. நியூயார்க்கில் கையெழுத்தான தாளாக இருந்தால் இடையில் இன்னொரு படி உண்டு: நோட்டரியின் கையொப்பத்தை முதலில் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) எழுத்தர் சான்றளிக்க வேண்டும், அதன் பிறகே மாநிலத் துறை அப்போஸ்டில் ஒட்டும்.

எஃப்.பி.ஐ. சான்று கூட்டாட்சி அரசின் ஆவணம். அதன்மேல் எந்த நோட்டரியும் முத்திரை வைக்கக் கூடாது. வைத்தால் தாளே கெட்டுவிடும். அதை அப்படியே, கூட்டாட்சி வெளியுறவுத் துறையின் சான்றளிப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சான்றுக்கு எஃப்.பி.ஐ. 18 டாலரும், அப்போஸ்டிலுக்கு வெளியுறவுத் துறை 20 டாலரும் வாங்குகின்றன. டெக்சாஸில் சாதாரண ஆவணத்துக்கு 15 டாலர். ஆனால் தத்தெடுப்புக்கான ஆவணம் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் ஒவ்வொன்றுக்கும் 10 டாலர்தான், அதுவும் ஒரு குழந்தைக்கு மொத்தம் 100 டாலருக்கு மேல் போகாது. பலர் இதைக் குறிப்பிடாமல் முழுக் கட்டணமும் செலுத்திவிடுகிறார்கள்.

கடவுச்சீட்டு நகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் நோட்டரி அதன் நகலை மெய்நகல் என்று சான்றளிக்கலாம். கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ நோட்டரிக்கு அந்த அதிகாரம் கிடையாது. அங்கே நீங்களே "இது என் கடவுச்சீட்டின் உண்மையான நகல்" என்று பிரமாணம் எழுதி, அவர் முன் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று போன்ற அரசுப் பதிவேட்டு ஆவணங்களை எந்த மாநில நோட்டரியிடமும் நகல் சான்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்களுடையவை தமிழ்நாட்டில் வழங்கப்பட்டவை என்றால் கவலையே இல்லை. இந்திய அரசு அலுவலகம் வழங்கிய சான்றை இந்திய அரசு அலுவலகத்தில் கொடுக்க அப்போஸ்டில் எதற்கு? அண்மையில் பெற்ற ஓர் அசல் சான்று நகல் போதும்.

இன்னொரு வேண்டுகோள்: பிரமாணப் பத்திரங்களில் வீட்டிலிருந்தே கையெழுத்திட்டுக் கொண்டுபோகாதீர்கள். சத்தியம் செய்து கையெழுத்திடுவது நோட்டரியின் கண்முன் நடக்க வேண்டும். அவர் எந்த மாநிலம், எந்தக் கவுன்டி என்று எழுதியிருக்கிறாரா, தம் நியமனம் முடிவடையும் நாளைக் குறித்திருக்கிறாரா, எங்கேனும் கோடிட்ட இடம் வெறுமையாக இருக்கிறதா என்று மேசையை விட்டு எழுவதற்கு முன்பே பாருங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, எல்லாத் தாள்களையும் ஒரே நாளில் முடித்து ஒரே உறையில் அனுப்பிவிடுவது நல்லது என்பதே.

செண்பகம் எழுதியது:

பொருநைக்கரை ஐயா சொன்னவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் நான் என் அனுபவத்தில் உண்மையெனக் கண்டேன். நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். எங்கள் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் ஆயுள் வேறு. நாங்கள் ஆர்வத்தில் மருத்துவச் சான்றையும் காவல்துறைச் சான்றையும் முதல் வாரமே வாங்கி அப்போஸ்டிலும் செய்துவிட்டோம். கோப்பு இந்தியாவுக்குப் போகும் நேரத்தில் அவை பழையனவாகிவிட்டன என்று சொல்லி மறுபடியும் கேட்டார்கள். பணம் போனதைவிட, மீண்டும் மருத்துவரின் நேரம் கிடைக்கக் காத்திருந்த ஆறு வாரங்கள்தாம் வலித்தன.

தேதிகளை ஒரு சுவர் நாள்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு, தத்தெடுக்க நமக்குத் தகுதி உண்டு என்று ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ படிவத்தோடு செல்லும் வீட்டாய்வு அறிக்கை, சமர்ப்பிக்கும் நாளில் ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. காராவைப் பொறுத்தவரை அதே அறிக்கைக்கு மூன்று ஆண்டுகள் செல்லுபடி. ஐ-800ஏ ஒப்புதலோ 15 மாதம்தான் நிற்கும். அதற்குள் குழந்தை பரிந்துரைக்கப்படாவிட்டால் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்பு 15 மாதத்தைத் தாண்டுவது வழக்கமே என்பதால், நீட்டிப்பை எதிர்பாராத நிகழ்வாகக் கருதாமல் இப்போதே நாள் குறித்துவிடுங்கள். 18 வயதுக்குப் பின் நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்தின் குழந்தைத் துன்புறுத்தல் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இல்லை என்பதற்கான சான்றும் வீட்டாய்வுக்கு வேண்டியிருக்கும். என் கணவர் படிக்கும் காலத்தில் எட்டு மாதம் மட்டும் இருந்த ஒரு மாநிலத்திலிருந்து வர வேண்டிய பதில்தான் எல்லாவற்றிலும் கடைசியாக வந்தது.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இதைப் போன்ற தொல்லை வேறில்லை. என் பள்ளிச் சான்றில் முன்னெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, ஓட்டுநர் உரிமத்தில் கணவரின் பெயர். போதாக்குறைக்கு என் பெயரில் உள்ள ழகரத்தை ஓர் ஆவணத்தில் ஒற்றை எல் என்றும் இன்னோர் ஆவணத்தில் இசட்-எச் என்றும் எழுதியிருந்தார்கள். கணவரின் பிறப்புச் சான்றில் பெயரே இல்லை. "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. இந்தியாவில் கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு நம்மைத் தெரியாது. தாளில் உள்ள எழுத்துகளைத்தான் தெரியும். நாங்கள் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் செய்து அப்போஸ்டில் வாங்கிச் சேர்த்தோம். பெயரில்லாத பிறப்புச் சான்றுக்கு, பதிவு செய்த ஊரிலேயே உறவினர் ஒருவர் வழியாகப் பெயர் சேர்த்து வாங்கினோம். கரிசல்மண் சகோதரர் கேட்காத விஷயம் இது. ஆனால் உங்கள் இருவர் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றிரவே பாருங்கள்.

கரிசல்மண் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. பார்த்துவிட்டோம். மனைவியின் கடவுச்சீட்டிலும் திருமணச் சான்றிலும் அவருடைய அப்பாவின் பெயர் இருவேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. திருமணம் 2008இல் நடந்ததால் 2009ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவுச் சட்டம் வருவதற்கு முன்பே இந்து திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்த சான்றுதான் எங்களிடம் உள்ளது. அது செல்லும் என்று நம்புகிறேன். அதிகாரப் பத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை இங்கே நோட்டரியிடம் செய்வதா, ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் செய்வதா? ஆவணங்களை அப்போஸ்டில் செய்து தரும் தனியார் சேவைகள் பல விளம்பரம் செய்கின்றன, அவர்களிடம் கொடுக்கலாமா?

பொருநைக்கரை எழுதியது:

திருமணச் சான்று செல்லும். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்குச் செண்பகம் சொன்ன பிரமாணப் பத்திரத்தைச் செய்துவிடுங்கள். மருத்துவச் சான்றுகளைப் பற்றி அவர் சொன்ன திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆயுள் குறைந்த தாள்களைக் கடைசியில் வைத்துக்கொள்வதே சரி.

அதிகாரப் பத்திரத்தை இரண்டு விதமாகவும் செய்யலாம். நோட்டரியும் அப்போஸ்டிலும் செய்து அனுப்பினாலும் செல்லும். துணைத் தூதரக அலுவலர் முன் கையெழுத்திட்டாலும் செல்லும். எதுவாயினும் பலர் மறந்துபோகும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்று 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. நிலம் விற்க அதிகாரம் அனுப்புகிறவர்களுக்கு இது தெரியும். தத்தெடுப்புக்கு அனுப்புகிறவர்கள் அப்போஸ்டில் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பத்திரம் வந்த கூரியர் உறையைத் தேதி தெரியும்படி பத்திரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். அதிகாரத்தின் எல்லையும் குறுகலாக இருக்கட்டும்: இந்த ஒரு தத்தெடுப்புக்காக விண்ணப்பிக்கவும், ஆணையைப் பெறவும், பிறப்புச் சான்றுக்கும் கடவுச்சீட்டுக்கும் மனுச் செய்யவும் என்று எழுதினால் போதும்.

தனியார் சேவையைப் பொறுத்தவரை, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவதற்கு மட்டும் அவர்களைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நோட்டரிச் சொற்றொடரை அவர்கள் எழுதித் தருவதையோ, நீங்கள் நேரில் வராமலே முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்வதையோ ஒருபோதும் ஏற்காதீர்கள். ஒரு முத்திரை பொய்யென்று தெரிந்தால் மொத்தக் கோப்பின்மீதும் ஐயம் விழும்.

வடதிசை எழுதியது:

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். கனடாவில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒரு செய்தி. அப்போஸ்டில் உடன்படிக்கை கனடாவில் 2024 ஜனவரி 11 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அரசின் சான்றளிப்பு ஒன்று, பிறகு இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் ஒன்று என்று இரண்டு படிகள் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பலவும் அந்த முறையைத்தான் இன்னும் சொல்கின்றன. இப்போது ஒன்டாரியோவில் நோட்டரி செய்த தாளுக்கு மாகாண அலுவலகமே அப்போஸ்டில் தருகிறது.

நொய்யல் எழுதியது:

நான் சிகாகோ அருகே இருக்கிறேன். என் கேள்வி சற்று வேறானது. இழையைத் திசை திருப்புவதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவரின் தம்பிக்கு மூன்று பெண் குழந்தைகள். கடைக்குட்டிக்கு நான்கு வயது. அவளை எங்களுக்குத் தத்துக் கொடுக்கக் கொழுந்தனாரும் ஓரகத்தியும் முழு மனத்தோடு இருக்கிறார்கள். வரும் தை மாதம் ஊருக்குப் போகும்போது கோயிலில் தத்துச் சடங்கு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டால், அந்தப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் வாங்கிக் குழந்தைக்கு விசா கேட்கலாம் என்று ஊரில் ஒரு பத்திர எழுத்தர் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் அமெரிக்கக் குடிமகன். இது நடக்குமா?

பொருநைக்கரை எழுதியது:

அம்மா, தை மாதம் பத்திரம் பதிவு செய்யாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு படியுங்கள்.

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் நீங்கள் சொல்வதுபோல் தத்தெடுப்பது நம் ஊரில் சட்டப்படி செல்லக்கூடிய செயல்தான். பதிவு பெற்ற பத்திரம் இருந்தால் தத்தெடுப்பு முறைப்படி நடந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவும் சொல்கிறது. பத்திர எழுத்தர் அந்த அளவில் பொய் சொல்லவில்லை. ஆனால் குழந்தை நாட்டைவிட்டு வெளியே போகப் போகிறது என்றால் அது பன்னாட்டுத் தத்தெடுப்பு ஆகிவிடுகிறது. 1993ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை இந்தியாவுக்கு 2003 முதலும் அமெரிக்காவுக்கு 2008 ஏப்ரல் முதலும் பொருந்துகிறது. காராவின் தடையின்மைச் சான்று இல்லாமல் அந்தப் பத்திரத்தை வைத்துக் குழந்தையை அழைத்துச் செல்ல இயலாது.

அமெரிக்கப் பக்கத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. முதலில் ஐ-800ஏ, பிறகு குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800, அதற்குத் தற்காலிக ஒப்புதல், தத்தெடுப்பைத் தொடரலாம் என்று அந்த உடன்படிக்கையின்படி அமெரிக்கத் தூதரகம் தரும் 5ஆம் உறுப்புக் கடிதம், அதற்குப் பின்பே தத்தெடுப்பு. இந்த வரிசையை மீறி, தத்தெடுப்பை முடித்துவிட்டு ஐ-800 தாக்கல் செய்தால் அதை மறுக்க வேண்டும் என்பதே விதி. முடிந்த தத்தெடுப்பை ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்கும் துயரத்தை நான் ஒரு குடும்பத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. தான் யாருடைய பிள்ளை என்று அவன் பாட்டியிடம் கேட்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

இன்னொன்றையும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம் 2015, உறவினர் தத்தெடுப்பை அனுமதிக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இருபக்கத் தாத்தா பாட்டிமார் ஆகியோர் அதில் அடங்குவர்; உங்கள் கணவர் அந்தக் குழந்தைக்குப் பெரியப்பா என்பதால் இந்தியச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், அவர்கள் குழந்தையை உரிய முறையில் வளர்க்க இயலாத நிலையில் இருக்கிறார்கள் என்று நிறுவ வேண்டும் என்பது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் நிபந்தனை. நம் குடும்பங்களில் அன்பினால் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டமோ இயலாமையைக் கேட்கிறது. கொழுந்தனார் வேலையும் உடல்நலமும் உள்ளவராக இருந்தால் எத்தனை முத்திரை வைத்தாலும் இந்த இடத்தில் தடுக்கும். குழந்தைக்கு எதையும் சொல்வதற்கு முன், கோயிலில் நாள் குறிப்பதற்கு முன், பன்னாட்டுத் தத்தெடுப்பில் பழகிய ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமணி நேரம் பேசிவிடுங்கள்.

இத்தனை தாள் எதற்கு என்று சலிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு நெறிமுறைகளை வகுத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குப் பிறகும்கூட, தமிழ்நாட்டில் பெற்றவர்களிடமிருந்து திருடப்பட்ட குழந்தைகள் போலி ஒப்படைப்புப் பத்திரங்களோடு வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட வழக்குகள் மத்தியப் புலனாய்வுத் துறை வரை சென்றன. அந்தப் பத்திரங்களிலும் முத்திரைகள் இருந்தன. இன்று ஒவ்வொரு படியிலும் வேறு வேறு அலுவலர் பார்க்கும்படி வைத்திருப்பது அந்தத் தாய்மார்களின் கண்ணீருக்குப் பிறகுதான்.

நொய்யல் எழுதியது:

ஐயா, படித்ததும் அழுதுவிட்டேன். ஆனாலும் தை மாதத்துக்கு முன் தெரிந்ததற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். கொழுந்தனாருக்கு அரசுப் பள்ளியில் வேலை. இயலாமை என்று எழுதினால் அது பொய். அப்படி ஒரு தாளில் நாங்கள் கையெழுத்திட மாட்டோம், அவரையும் இடச் சொல்ல மாட்டோம். கணவரிடம் பேசினேன். கரிசல்மண் சகோதரர் போகும் வழியிலேயே நாங்களும் போகலாமா என்று முகமையிடம் கேட்கவிருக்கிறோம்.

செண்பகம் எழுதியது:

நொய்யல், உங்களுக்கு எப்போது பேச வேண்டும் என்று தோன்றினாலும் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். நாங்களும் முதலில் உறவுக்குள்தான் கேட்டோம்.

கரிசல்மண் எழுதியது:

நான்கு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இழையைப் பின்தொடர்ந்தவர்களுக்கு நடந்தவற்றைச் சொல்வது என் கடமை. ஐ-800ஏ ஒப்புதல் வந்துவிட்டது. முகமை காராவின் தத்தெடுப்புப் பதிவுத் தளமான கேரிங்ஸில் எங்களைப் பதிவு செய்துவிட்டது. ஆஸ்டினுக்கு அனுப்பிய 11 தாள்களில் ஒன்று திரும்பி வந்தது. நோட்டரி கவுன்டியின் பெயரை எழுதாமல் விட்டிருந்தார், நானும் கவனிக்கவில்லை. எஃப்.பி.ஐ. சான்றை மட்டும் தனியாக வெளியுறவுத் துறைக்கு அனுப்பினேன். வேலைச் சான்றை நியூ ஜெர்சியிலேயே முடித்தோம்.

ஒரு தவறு செய்துவிட்டேன். அப்போஸ்டில் வந்த தாள்களை வருடிப் பதிவேற்றுவதற்காக, மேலே அடித்திருந்த கம்பியைப் பிரித்து, பிறகு நானே மறுபடி அடித்தேன். முகமையில் அந்த இரண்டு தாள்களையும் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். அப்போஸ்டிலும் ஆவணமும் பிரிக்கப்பட்ட தடம் இருந்தால் இரண்டும் சேர்ந்தவை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதாம். தயவுசெய்து யாரும் கம்பியைப் பிரிக்காதீர்கள். தாளை மடக்கியே படம் எடுங்கள்.

குழந்தை பரிந்துரைக்கப்பட்ட பின் எங்கள் கைக்கு வர வேண்டிய தாள்கள் எவை, அவற்றில் எவற்றுக்கு நோட்டரி வேண்டும் என்று சொல்ல முடியுமா?

செண்பகம் எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி. பரிந்துரை வந்ததும் குழந்தையின் ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கு வரும். அவற்றைப் படித்து 30 நாளுக்குள் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். மருத்துவ அறிக்கையை உங்கள் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அவசியம் காட்டுங்கள். அதன் பிறகு ஐயா சொன்ன வரிசைதான்: ஐ-800, தற்காலிக ஒப்புதல், 5ஆம் உறுப்புக் கடிதம், காராவின் தடையின்மைச் சான்று.

தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கியது. 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு வந்தது. எங்கள் மனு அந்த மாற்றத்தின் நடுவில் சிக்கிக்கொண்டது. ஒரு நீதிமன்றத்திலிருந்து கோப்பு ஆட்சியர் அலுவலகத்துக்கு நகர்ந்த வாரங்களில், எந்த மேசையில் இருக்கிறது என்றுகூட எவராலும் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு அந்தத் துன்பம் இராது. மனு கொடுத்த இரண்டு மாதத்துக்குள் ஆணை வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணை வந்தபின் காரா, ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பின்படி இணக்கச் சான்று தரும். அதுதான் எல்லாத் தாள்களிலும் முக்கியமானது. பிறகு உங்கள் இருவரையும் பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்று, இந்தியக் கடவுச்சீட்டு, டெல்லியில் தத்துக் குழந்தைகளுக்கான ஐஎச்-3 விசா. அந்த விசாவில் நுழையும் 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை, விமான நிலையத்தில் அனுமதிக்கப்படும் அந்த நேரமே அமெரிக்கக் குடிமகளாகவோ குடிமகனாகவோ ஆகிவிடும்.

இவற்றில் நீங்கள் நோட்டரியிடம் கொண்டுபோக வேண்டியது அநேகமாக ஒன்றும் இல்லை. தமிழில் உள்ள தாள்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டும். தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் குடிவரவுத் துறைக்கு அதுவே போதும். அதற்கு நோட்டரி தேவையில்லை.

வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையுமாக ஆறு பின்தொடர் அறிக்கைகள் காராவுக்குப் போக வேண்டும். அவற்றையும் நாள்காட்டியில் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். குழந்தைகள் நலக் குழு, உங்கள் குழந்தையைச் சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியானது என்று அறிவித்த ஆணையின் சான்று நகலைக் கேட்டு வாங்குங்கள். விதிப்படி எந்தெந்தத் தாள்களைத் தர முடியுமோ அவை எல்லாவற்றையும் கேளுங்கள். எங்கள் மகளுடைய கோப்பில் அவள் கண்டெடுக்கப்பட்ட ஊரின் பெயரும், அன்று அவள் உடுத்தியிருந்த மஞ்சள் சட்டையைப் பற்றிய ஒரு வரியும் இருக்கின்றன. அதைத் தமிழில் இருந்தபடியே அமிலமற்ற உறையில் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் அவள் அந்த வரியை முதன்முறையாகத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.